முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

பதினோராம் வகுப்பில் எழுதுகிற சாதாரண தரச் சோதனையில் கணிதம் என்றாலே எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பயம். நான் அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: வேறெது வராவிட்டாலும், ஆட்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து எண்ணுகிற தொடைப் பாடத்தைக் கைவிடாதீர்கள். வட்டம் இரண்டு கீற வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். ஒரு வகுப்பில் நாற்பது பேர், இருபத்தைந்து பேர் கிரிக்கெட் ஆடுவார்கள், இருபது பேர் கரப்பந்து ஆடுவார்கள், எட்டுப் பேர் இரண்டும் ஆடுவார்கள், ஒன்றும் ஆடாதவர் எத்தனை? இருபத்தைந்தையும் இருபதையும் கூட்டி, இரண்டு தரம் எண்ணிய எட்டுப் பேரை ஒரு தரம் கழித்தால் முப்பத்தேழு. நாற்பதில் மிச்சம் மூன்று பேர். அந்த மூன்றையும் வட்டங்களுக்கு வெளியே, பெட்டிக்குள் எழுத வேண்டும். பெட்டிக்குப் பெயர் அகிலத் தொடை. கேள்வியில் வருகிற எல்லாரும் அந்தப் பெட்டிக்குள் அடக்கம்.

வாவிக்கு மேற்குப் புறத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக இதைப் படிப்பிக்கிறேன். நான் கூட்டலில் பிழை விட்டதை ஒருவரும் கண்டதில்லை. என்னில் எத்தனையோ பிழை கண்டுபிடித்த என் மனைவியும் இதில் கண்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது. வருஷத் தொடக்கத்தில் வகுப்புத் தலைவனைக் கூப்பிட்டு, வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்வேன். அவன் விரலை நீட்டி நீட்டி எண்ணிவிட்டு முப்பத்தொன்று என்பான். வகுப்பின் பெயர் இடாப்பில் முப்பத்திரண்டு இருக்கும். "உன்னை ஆர் எண்ணுறது, உன்ட மாமாவா?" என்று கேட்பேன். வகுப்பே சிரிக்கும். எண்ணுகிறவன் தன்னை மறந்துவிடுவான், அதுதான் கணக்கில் முதல் பிழை என்று சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன்.

என் கூட்டாளி ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பத்தாம் வகுப்பில் ஒரு சோதனையில் தொடைக் கேள்விக்கு அவன் எதுவுமே எழுதவில்லை. பெட்டியைக் கீறி, உள்ளே ஒன்றும் இல்லாமல் கொடுத்துவிட்டான். விடைத்தாள்களைப் பகிர்ந்து கொடுக்கிற பெருமை அன்றைக்கு எனக்குக் கிடைத்திருந்தது. அவன் தாளை மேலே தூக்கிப் பிடித்து, "இந்தா, சூனியத் தொடை!" என்று கத்தினேன். உள்ளே ஒருவருமில்லாத தொடைக்கு அதுதான் பெயர். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நாற்பது வருஷமாக ஊரில் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது.

அவன் கோபித்ததே இல்லை. போன் எடுத்தால், "மச்சான், நான் சூனியம் கதைக்கிறன்" என்பான். கணக்கு வராதவன் பதினாறு எருமை வளர்த்தான், தயிர் போட்டு விற்றான், மகளைத் தாதியாக்கினான். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு. மனைவி தவறியதும் அவன் அந்த வீட்டைப் பூட்டித் திறப்பை மகளிடம் கொடுத்துவிட்டு, வயல்வெளியின் ஓரத்தில் எருமைகளோடு ஒரு தகரக் குடிலில் இருந்தான். வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். மகள் கொழும்புப் பக்கம் வேலை செய்தாள். கிழமைக்கு இரண்டு நாள் அவன் தயிர்ச் சட்டியோடு என் வாசலுக்கு வருவான். நான் அவனை நக்கலடிக்காத நாள் ஒன்றும் எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த வருஷ மழை மார்கழியில் பிடித்தது. மூன்று நாள் விடவே இல்லை. உன்னிச்சைக் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்கிறது, தண்ணீர் எங்கள் பக்கம் இறங்கும், எல்லாரும் மேட்டுக்குப் போங்கள் என்று விடியக் காலையில் ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கர வண்டி ஒன்று சொல்லிக்கொண்டு போனது. ஊரில் மேடு இரண்டுதான். ஒன்று பள்ளிக்கூடம், மற்றது கோயில். இரண்டுக்கும் நடுவே தாழ்ந்த ரோட்டு.

பள்ளிக்கூடத்தில் நான் இடாப்பு எழுதினேன். கோயிலில் எழுதியது என் தம்பி.

தம்பி அந்த ஊரில் பிறந்தவன்தான். ஆனால் வந்தாறுமூலையில் கலியாணம் கட்டிப் போனவன். எங்களில் கட்டினால் ஆண்தான் வீடு மாறுவான். நான் அதே ஊரில் நாலு வீடு தள்ளிக் கட்டினேன், அதனால் ஊரிலேயே கிடக்கிறேன். அவன் போய்ப் பதினெட்டு வருஷம். வாக்கும் அங்கே, குடும்ப அட்டையும் அங்கே. மழையைக் கண்டுவிட்டு, அம்மாவின் வீட்டில் இருக்கிற அக்காவுக்கு நெல் மூட்டைகளை உயரத்தில் ஏற்றிக் கொடுக்க முதல் நாள் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். வெள்ளம் வந்ததும் அக்காவையும் பிள்ளைகளையும் கோயிலுக்குக் கூட்டிப் போனான். அவன் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். கோயில்காரர் அவன் கையில் கொப்பியைக் கொடுத்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்குள் பள்ளிக்கூடத்தில் நிற்க இடமில்லை. ரோட்டில் தண்ணீர் முழங்காலுக்கு வர முன்னர் ஒரு டிராக்டர் பெட்டியில் கொஞ்சப் பேரைக் கோயிலுக்கு அனுப்பினோம். ஏறும்போது நானே வாசலில் நின்று எண்ணினேன். முப்பத்தொன்பது பேர். அவர்களை என் இடாப்பிலிருந்து வெட்டவில்லை, அதற்கு நேரம் இருக்கவில்லை. கோயிலிலும் அவர்களை எழுதிக்கொண்டார்கள். அதன் பிறகு ரோட்டு மூடிவிட்டது. வாவிக் கரையிலிருந்து மீன்பிடிக்கிற இரண்டு பேர் தங்கள் இயந்திரப் படகுகளை லொறியில் ஏற்றி வந்து, தண்ணீரில் மறிபட்ட வீடுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, தாங்களாகத்தான் வந்தார்கள்.

பின்னேரம் நாலு மணியிருக்கும். படகுக்காரரில் மூத்தவர் படியில் வந்து நின்றார். சாரத்திலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"சேர், வெளிச்சம் இன்னும் கொஞ்சம் கிடக்கு. ஒருக்கா வட்டைப் பக்கம் போய்ப் பாத்திட்டு வரட்டா? ஆரும் மிச்சமா? இல்லாட்டி நாங்க அடுத்த ஊருக்குப் போகணும். அங்கயும் ஆக்கள் கூப்பிடுறாங்க."

"கொஞ்சம் பொறுங்க. கணக்குப் பாத்துச் சொல்லுறன்" என்றேன்.

அப்படிச் சொன்னபோது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். இருபத்தெட்டு வருஷம் கிரிக்கெட்டும் கரப்பந்துமாகச் செய்த கணக்கு முதல் தரம் நிசத்தில் வந்து நின்றது. கிராம சேவகர் வேறு ஊரில் மறிபட்டிருந்தார். அவருக்குப் போன் போட்டு ஊர்த் தொகை கேட்டேன். முந்நூற்று நாற்பத்து மூன்று என்றார். நான் அதை அப்படியே எடுத்துவிடவில்லை. அவ்வளவு மடையன் இல்லை. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள், கொழும்பில் கடைகளில் நிற்கிற பொடியன்மார், ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்த இரண்டு பேர், விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் என்று வீடு வீடாக யோசித்து, பக்கத்தில் நின்றவர்களிடமும் கேட்டு, அன்று ஊரில் இல்லாதவர் முப்பத்தொரு பேர் என்று கண்டேன். அவர்களைக் கழித்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு. அதுதான் என் பெட்டி.

என் இடாப்பில் நூற்றெண்பத்தேழு பேர். இனிக் கோயில்தான் மிச்சம். தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"அங்க எத்தின பேர்?"

"நூத்தி அறுவத்தி மூணு அண்ணன்."

"உன்னையும் எழுதினியா?"

அவன் கொஞ்சம் இழுத்தான். "என்னயா? இல்ல. என்னயும் எழுதவா?"

"பின்ன? நீ ஆள் இல்லையா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "பாத்தீங்களா, எழுதுவினைஞருக்கும் அதே பிழைதான். எண்ணுறவன் தன்னை மறந்திடுவான். அம்மாட வீட்டுக் கணக்கில உன்ட பேரையும் எழுது."

"சரி அண்ணன். எழுதிட்டன். அப்ப நூத்தி அறுவத்தி நாலு."

நான் கரும்பலகைக்குப் போனேன். அதன் கீழே மூன்று குடும்பங்கள் பாய் விரித்துக் கிடந்தன. அவர்களைக் கடந்து எட்டி நின்று பெட்டியைக் கீறினேன், உள்ளே இரண்டு வட்டம் கீறினேன். ஒன்றுக்குப் பள்ளிக்கூடம், மற்றதற்குக் கோயில். நடுவிலே, இரண்டிலும் எழுதப்பட்ட டிராக்டர்காரர் முப்பத்தொன்பது. நூற்றெண்பத்தேழும் நூற்று அறுபத்து நாலும் முந்நூற்று ஐம்பத்தொன்று. முப்பத்தொன்பதைக் கழித்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு.

ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை. யாரோ கை தட்டினார்கள். அதைக் கேட்டு மற்றவர்களும் தட்டினார்கள். ஈரத்தோடு குந்தியிருந்த சனம், தாங்கள் எல்லாரும் தப்பிவிட்டோம் என்பதைக் கரும்பலகையில் கண்டது.

பாயில் இருந்த ஒரு பெண் மட்டும் கேட்டாள்: "சேர், உங்கட கூட்டாளியக் காணல்லியே. தயிர்க்காரர்?"

"அவன் கோயில்ல இருப்பான், புள்ள. எருமையப் பத்தி ஆருக்கும் கதை சொல்லிக்கொண்டிருப்பான்." பிறகு சோக்குக் கட்டியால் பெட்டியின் மூலையைத் தட்டிக் காட்டினேன். "அவன் வெளியில நிண்டிருந்தா இந்தா, இஞ்ச ஒண்டு எண்டு வந்திருக்கும். வரல்ல. கணக்கு பொய் சொல்லாது."

அவள் தலையை ஆட்டினாள். படித்த மனிதர் சொல்கிறார் என்று நம்பிவிட்டாள். நான் படிக்கு வந்து படகுக்காரரிடம், "எல்லாரும் வந்திட்டாங்க, நீங்க போகலாம்" என்றேன். அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார். எனக்கு ஒருவர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். அதை நின்ற நிலையில் ருசித்துக் குடித்தேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குக் கொழும்பிலிருந்து அவன் மகள் போன் எடுத்தாள்.

"மாமா, அப்பாட போன் நேத்துத் தொடக்கம் வேலை செய்யுதில்ல. அப்பாட்டக் குடுங்களன்."

"அவன் கோயில்ல, மகள். நான் தம்பிக்கிட்டச் சொல்லி எடுக்கச் சொல்லுறன்" என்றேன். தம்பிக்கு எடுத்தேன்.

"இஞ்ச இல்லையே அண்ணன். அவர் உங்களோட எண்டெல்லா நாங்க நினைச்ச."

"வடிவாப் பார். மண்டபத்துக்குப் பின்னால பார்."

"நான்தானே எழுதின. அவர்ட பேர் இல்ல."

நான் என் இடாப்பை எடுத்தேன். அதில் அவன் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தேன். எழுத்தெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. மகள் திரும்ப எடுத்தாள், நான் எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தாள்.

படகு வந்து சேரப் பத்தரை மணியானது. நானும் ஏறினேன். வட்டை எங்கே, வாய்க்கால் எங்கே என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே தண்ணீர். குடில் இருந்த இடத்தில் தகரக் கூரை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. கூரையின் முகட்டில் ஒரு கம்பு கட்டியிருந்தது, அதில் அவனுடைய நீலச் சேட்டு. சட்டைக் கையிரண்டையும் விரித்து, தூரத்திலிருந்து தெரிகிற மாதிரிக் கட்டியிருந்தான். எருமைகள் கயிறு அறுத்துவிடப்பட்டு எங்கோ நீந்திப் போயிருந்தன. பிறகு அவற்றில் பதினொன்று திரும்பி வந்தன. அவனை நாங்கள் பின்னேரம் வேலிக் கம்பிகளுக்குள் கண்டோம்.

படகுக்காரர் என்னைக் குறை சொல்லவில்லை. சேட்டைப் பார்த்துக்கொண்டு, தனக்குச் சொல்வது போலச் சொன்னார்: "நேத்து வந்திருந்தா இது கண்ணில பட்டிருக்கும், சேர்." அவர் அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தாலும் எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் இன்றுவரை அந்தக் குரலில்தான் அது எனக்குக் கேட்கிறது.

செத்த வீடு முடிந்தது. தண்ணீர் வடிந்தது. ஊர் சேற்றைக் கழுவியது. எவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அங்க இருக்கிறார் எண்டு நாங்க நினைச்ச, இஞ்ச இருக்கிறார் எண்டு நீங்க நினைச்ச, விதி" என்றார்கள். எனக்கு அது போதவில்லை. ஒரு ஆள் குறைந்திருக்கும்போது கணக்கு எப்படிச் சரியாக வந்தது? சோறு இறங்காமல் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் கோயில் கொப்பியை வாங்கி வந்து, என் இடாப்பையும் கிராம சேவகரின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர் பெயராகச் சரி போட்டேன். பகல் முழுக்க எடுத்தது. முடிவில், ஊரில் இல்லாத அந்த முப்பத்தொரு பேரை விட்டால், ஊர்ப் பட்டியலில் சரி விழாத பெயர் ஒன்றுதான் மிச்சம், அது அவனுடையது. இடாப்புகளில் ஊர்ப் பட்டியலில் இல்லாத பெயரும் ஒன்றுதான். கோயில் கொப்பியில் கடைசி வரி, நூற்று அறுபத்து நாலாம் இலக்கம், முத்து முத்தான எழுத்து. என் தம்பி தன் பெயரைத் தானே எழுதியிருந்தான். வீடு என்ற இடத்தில் அம்மா வீடு என்று இருந்தது.

ஊரைவிட்டுப் போனவர்களை நான் வீடு வீடாக யோசித்துக் கழித்தேன். ஊருக்கு வந்தவன் ஒருவனைக் கழிக்க என் புத்தியில் வரவில்லை. வரவும் மாட்டாது. தம்பி இந்த ஊரான் இல்லை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவனோ முதலில் சரியாகத்தான் சொன்னான், நூற்று அறுபத்து மூன்று என்று. அந்த எண்ணை அப்படியே வைத்திருந்தால் முந்நூற்றுப் பதினொன்று வந்திருக்கும். பெட்டியின் மூலையில் ஒன்று என்று விழுந்திருக்கும். படகு வட்டைக்குப் போயிருக்கும். எல்லார் முன்னாலும் சிரித்துச் சிரித்து அவன் பெயரை எழுத வைத்தவன் நான்.

தம்பியும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தான் போல. செத்த வீட்டிலேயே இரண்டு தரம் கேட்டான்: "கணக்கு எப்பிடி அண்ணன் சரியா வந்த?" அவன் என்னைவிட மெலிந்த மனசுக்காரன். சின்ன வயதில் கோழிக்குஞ்சு ஒன்றை மிதித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவன். தன் பெயர்தான் இன்னொருவன் இடத்தில் போய் இருந்தது என்று தெரிந்தால் தாங்க மாட்டான் என்று நினைத்தேன். அதனால் செத்தவனுக்கு முப்பத்தோராம் நாள் படைக்கிற அமுதுக்கு வந்தபோது தம்பியை மாமரத்துக்குக் கீழே கூப்பிட்டு, ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

"நான்தான் பிழை விட்ட. பள்ளிக்கூட இடாப்பில நூத்தி எண்பத்தி ஆறு பேர்தான். ரெண்டாம் பக்கத்தைக் கூட்டக்குள்ள ஒண்டு கூடிட்டு. நூத்தி எண்பத்தி ஏழு எண்டு எழுதிட்டன். இந்தா பார். ஆறு எண்டு போட்டா முந்நூத்திப் பதினொண்டுதான் வருது. ஒரு ஆள் குறையுது. வெறும் கூட்டல் பிழை."

வாழ்க்கையில் முதல் தரம் நான் எழுதிய பொய்க் கணக்கு அது. அவனைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. போனில் அவனைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பை மூடி மறைக்கவும் அது எனக்கு உதவியது. கூட்டல் பிழை யாருக்கும் வரும். மற்றது அப்படியில்லை.

தம்பி தாளைக் கையில் வாங்கினான். கண்ணால் கூட்டி, கழித்து, திரும்பவும் மேலிருந்து கீழே வந்தான். வெகு நேரம் பார்த்தான். கடைசியில், "ஓம் அண்ணன். பிழை உங்கடதான்" என்றான். தாளை நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான். என் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது.

கதை ஊரில் பரவியது. சேர் கூட்டலில் பிழை விட்டுட்டாராம். கடையில் ஒருவர் மிச்சச் சில்லறையைத் தரும்போது, "எண்ணிப் பாருங்க சேர்" என்றார். நக்கலோ என்னவோ தெரியாது. நான் எண்ணாமல் வாங்கிக்கொண்டேன். கூட்டாளியின் மகளிடமும் அதையே சொன்னேன். அவள் அழவில்லை. "ஒரு எண்ணால போயிட்டாரே மாமா" என்று மட்டும் சொன்னாள். அவளிடமும் பொய் சொன்னது எனக்கு இன்னும் அறுக்கிறது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவளுக்கு அவள் அப்பா வரப்போவதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தொடைப் பாடத்தை அடுத்த தவணையும் படிப்பித்தேன். படிப்பிக்கத்தானே வேண்டும். ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்று கரும்பலகையில் எழுதியதும் கை நின்றுவிடும். பக்கத்து வகுப்பிலிருந்து ஒருவன் வந்து இருக்கிறானா என்று எந்தக் கேள்வியும் சொல்வதில்லை. வகுப்புத் தலைவனைக் கூப்பிட்டு எண்ணச் சொல்கிற வேடிக்கையை நான் விட்டுவிட்டேன். ஏன் சேர் இந்த வருஷம் அது இல்லை என்று பிள்ளைகள் கேட்டார்கள். நேரம் போதாது என்றேன்.

தம்பி முன்போலவே வந்து போனான். ஒரே ஒரு வித்தியாசம். பொழுதுபட முன்னர் மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவான். "நிண்டுட்டுப் போவன்" என்று அக்கா கெஞ்சுவாள். "வீட்டில தேடுவாங்க" என்பான். பதினெட்டு வருஷம் அம்மாவின் வீட்டில் ஒரு அறை அவனுக்கென்றே கிடந்தது, தீபாவளிக்கும் கோயில் சடங்குக்கும் வந்து நாலைந்து நாள் கிடப்பான். அந்த வருஷம் ஒரு நாளும் கிடக்கவில்லை. அவனுக்கு வேலை கூடிவிட்டது என்று நான் நினைத்தேன். நான் அப்படித்தான் நினைப்பேன், எனக்குத் தோதாக.

அடுத்த மார்கழியிலும் குளம் வான் பாய்ந்தது. முன்னையளவு இல்லை, ஆனால் ஊர் பயந்துபோயிருந்தது. இந்த முறை தொகை கேட்கவில்லை நாங்கள். கிராம சேவகரின் பட்டியலை அச்செடுத்து வைத்து, பெயரை ஒவ்வொன்றாகச் சத்தமாகக் கூப்பிட்டு, ஆள் முன்னால் வந்து நின்றால்தான் சரி போடுவது என்று ஏற்பாடு. பள்ளிக்கூட விறாந்தையில் மேசை போட்டு, புதிதாக வந்த ஒரு ரீச்சர் எழுதினாள். நான் பக்கத்தில் நின்று கூப்பிட்டேன். அந்த ரீச்சர் எங்கள் ஊர்ப் பிள்ளைதான், அம்மாவின் வீட்டுக்கு மூன்றாம் வீடு.

மத்தியானம் தம்பி வந்தான். மோட்டார் சைக்கிளை ஒழுங்கையில் விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் அக்காவின் கடைசிப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். பிள்ளையை விறாந்தையில் இறக்கினான். திரும்பப் போய் அக்காவைக் கூட்டி வந்தான். திரும்பப் போய்ப் பக்கத்து வீட்டுக் கிழவரைத் தூக்கி வந்தான். அவர்களுடைய பெயர்களுக்குச் சரி விழுந்தது. அவன் மட்டும் விறாந்தைக்கு ஏறாமல் கீழே மழையில் நின்றான்.

ரீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, நீங்களும் வாங்க. உங்கட பேரையும் எழுதட்டா? அம்மா வீட்டுக் கணக்கிலதானே?"

"வேணாம் புள்ள" என்றான். "நான் இந்த ஊர் இல்ல. என்ன எழுதாதீங்க."

அவள் சிரித்தாள். அவன் பகிடி விடுகிறான் என்று நினைத்தாள். பேனையைத் தாளில் வைத்தபடியே என் பக்கம் திரும்பி, "என்ன சேர், உங்கட தம்பி இந்த ஊர் இல்லையாம்" என்றாள்.

தம்பி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்த அன்றைக்கே அவனுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. நான் எழுதிய முந்நூற்றுப் பதினொன்றில் ஊர்ப் பட்டியலில் இல்லாத அவனும் அடக்கம்; அவனை எடுத்தால் இரண்டு பேர் குறைய வேண்டும், குறைந்ததோ ஒருவன்தான். நான் பாரம் இறங்கியது என்று நினைத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டபோது, அவன் அதைச் சேட்டுப் பையில் கொண்டு போயிருக்கிறான். வருஷம் முழுக்கப் பொழுதுபட முன்னர் எழும்பிப் போனதெல்லாம் அதனால்தான்.

அவள் பேனையோடு காத்துக்கொண்டிருந்தாள். பின்னால் சனம் வரிசையில் நனைந்துகொண்டு நின்றது.

"எழுதாத, புள்ள" என்றேன். "அவன் இந்த ஊர் இல்ல."